கல்லூரியில் இருக்கும்போதே வெளிநாட்டு ஃபெல்லோஷிப்புக்குத் தயாராவது எப்படி: மதுரைப் பக்கத்து மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வெளிநாட்டில் படிக்க உதவித்தொகை தரும் செவனிங், எராஸ்மஸ் முண்டஸ், ஃபுல்பிரைட் போன்ற ஃபெல்லோஷிப்புகளின் பெயர்களைப் பெரும்பாலும் கடைசி வருஷத்தில்தான் கேள்விப்படுகிறோம். இணையதளத்தைத் திறந்து பார்த்தால் விண்ணப்பம் முடிய மூன்று வாரம் இருக்கும், பாஸ்போர்ட் இருக்காது, பரிந்துரைக் கடிதம் தர ஆள் இருக்காது, மார்க் ஷீட்டில் ஒரு பெயரும் ஆதாரில் இன்னொரு பெயரும் இருக்கும். தகுதி இருந்தும் இந்த இடத்திலேயே நின்றுபோனவர்களை எனக்கு நிறையத் தெரியும். நானும் மதுரையில் ஒரு கலைக் கல்லூரியில் படித்தவன்தான். ஒவ்வொரு தாளுக்கும் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கித்தான் இதையெல்லாம் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். விண்ணப்பம் திறந்திருப்பது இரண்டு மாதம்போலத்தான். அதில் கேட்கிற விஷயங்கள் உருவாவதற்கு இரண்டு மூன்று வருஷம் ஆகும். அந்த வருஷங்கள் கல்லூரி வருஷங்களாக இருந்தால் செலவும் குறைவு, பதற்றமும் குறைவு.

1. எது உடனே, எது பிறகு என்று பிரித்துக்கொள்ளுங்கள்

எல்லா ஃபெல்லோஷிப்பும் டிகிரி முடித்தவுடன் கிடைப்பதில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு வருஷத்தை வீணாக்குகிறவர்கள்தான் அதிகம்.

கடைசி வருஷம் படிக்கும்போதே போடக்கூடியதில் முக்கியமானது எராஸ்மஸ் முண்டஸ். ஐரோப்பாவில் இரண்டு மூன்று பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் முதுகலைப் படிப்பு இது. உதவித்தொகை மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி இணையதளம், தனித்தனி கடைசித் தேதி. பெரும்பாலானவை அக்டோபரில் இருந்து ஜனவரிக்குள் முடிந்துவிடும். அப்படியென்றால் மூன்று வருஷ டிகிரி படிப்பவர் ஐந்தாவது செமஸ்டரிலேயே விண்ணப்பிக்க வேண்டும். ஆறாவது செமஸ்டர் முடியட்டும், அப்புறம் பார்ப்போம் என்று இருந்தால் ஒரு வருஷம் போய்விடும்.

வேலை அனுபவம் கேட்பவை வேறு ரகம். பிரிட்டிஷ் அரசின் செவனிங்குக்கு இரண்டு வருஷத்துக்குச் சமமான, அதாவது 2,800 மணி நேர அனுபவம் வேண்டும். வழக்கமாக ஆகஸ்ட் வாக்கில் திறக்கும். அமெரிக்காவில் படிப்பதற்கான ஃபுல்பிரைட்-நேரு முதுகலை ஃபெல்லோஷிப்புக்கு மூன்று வருஷ முழுநேர வேலை அனுபவம் வேண்டும். அதோடு அமெரிக்காவின் நான்கு வருஷ டிகிரிக்குச் சமமான படிப்பும் கேட்பார்கள். பி.இ. படித்தவருக்கு அதில் சிக்கல் இல்லை. மூன்று வருஷ பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். மட்டும் படித்தவர் மேலே முதுகலையோ முழுநேர முதுகலை டிப்ளமோவோ முடித்திருந்தால்தான் வழி. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடி வழங்கும் வளர்ச்சி சார்ந்த படிப்புகளுக்கான உதவித்தொகைக்கு இரண்டு வருஷ அனுபவம் வேண்டும், கடைசி டிகிரி வாங்கி ஆறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது.

நம் அரசுத் திட்டங்களை மறந்துவிடாதீர்கள். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை, பட்டியல் சாதியினர், சீர்மரபினர் மற்றும் நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பங்களுக்கானது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், மதிப்பெண் 60 சதவீதம் வேண்டும், வயது 35-ஐத் தாண்டக் கூடாது. உசிலம்பட்டி, செக்கானூரணி, திருமங்கலம் பக்கம் இதற்குத் தகுதியான பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், திட்டத்தின் பெயரே அவர்கள் காதுக்குப் போய்ச் சேரவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். தமிழக அரசும் ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறை வழியாக வெளிநாட்டு மேற்படிப்புக்கு உதவித்தொகை தருகிறது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இரண்டையும் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறும். நான் சொன்னதை வைத்துப் பட்டியல் போடுங்கள். ஆனால் விண்ணப்பிக்கும் வருஷத்தின் அறிவிப்பை வரி விடாமல் படித்த பிறகே முடிவு செய்யுங்கள்.

2. பாஸ்போர்ட்டும் பெயரும் (முதல் வருஷம்)

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு அதிகம் வரும் தலைவலி இங்கேதான் இருக்கிறது, அது இனிஷியல்.

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'கார்த்திகா செ' என்று இருக்கும். ஆதாரில் 'செ. கார்த்திகா' என்று இருக்கும், அல்லது அப்பா பெயரோடு சேர்ந்து 'கார்த்திகா செல்வம்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். 'கார்த்திகா' என்பதைக் கொடுத்த பெயர் (Given Name) என்ற கட்டத்திலும் 'செல்வம்' என்பதைக் குடும்பப் பெயர் (Surname) என்ற கட்டத்திலும் போடுங்கள். குடும்பப் பெயர் கட்டத்தைச் சிலர் காலியாக விட்டுவிடுகிறார்கள், பாஸ்போர்ட் அப்படியும் கிடைத்துவிடும். ஆனால் பிறகு அமெரிக்க விசா எடுக்கும்போது உங்கள் பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டுவிட்டு, முதல் பெயர் இடத்தில் 'பெயர் தெரியவில்லை' என்று பொருள்படும் FNU என்ற மூன்று எழுத்தை அச்சடித்துவிடுவார்கள். வங்கிக் கணக்கு முதல் வாடகை ஒப்பந்தம் வரை அந்த மூன்று எழுத்து கூடவே வரும்.

அப்பா பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். அப்பாவின் ஆதார், உங்கள் பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் மூன்றையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பாருங்கள். முத்துச்சாமி என்ற பெயரில் ஒன்றில் ஒரு டி, இன்னொன்றில் ஒரு ஹெச் கூடுதலாக இருக்கும். முதலில் ஆதாரைத் திருத்துங்கள், அதுதான் சுலபம். பாஸ்போர்ட் வந்த பிறகு அதில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்தில்தான் ஆங்கிலத் தேர்வுக்கும் ஃபெல்லோஷிப் விண்ணப்பத்துக்கும் பெயர் கொடுக்க வேண்டும். மார்க் ஷீட்டில் இனிஷியல் மட்டும் இருப்பது பெரிய சிக்கல் இல்லை. யாராவது கேட்டால், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று முத்திரைத் தாளில் நோட்டரி வக்கீலிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக் கொடுக்கலாம்.

பாஸ்போர்ட் கட்டணம் 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய். தட்கல் என்றால் மேலே 2,000 ரூபாய். முதல் வருஷமே எடுப்பவருக்குத் தட்கல் தேவையே இல்லை. நமக்கு மண்டல அலுவலகம் ரேஸ்கோர்ஸ் ரோட்டுப் பக்கம் இருக்கிறது. ஆனால் விண்ணப்பம் இணையத்தில்தான், நேரம் பதிவு செய்துவிட்டுத்தான் சேவை மையத்துக்குப் போக வேண்டும். சில ஊர்களில் தபால் நிலையத்திலேயே சேவை மையம் இருக்கிறது, பதிவு செய்யும்போது உங்களுக்கு எது பக்கம் என்று பாருங்கள். ஹாஸ்டலில் இருப்பவர்கள் கல்லூரியில் போனஃபைட் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் விசாரணைக்குக் கூப்பிடும்போது விண்ணப்பத்தில் கொடுத்த முகவரியில் நீங்கள் இருக்க வேண்டும். செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போகிற நேரமாகப் பார்த்து ஹாஸ்டல் முகவரி கொடுத்தால் இழுத்துக்கொண்டே போகும்.

3. மார்க், அரியர், டிரான்ஸ்கிரிப்ட்

முதல் வகுப்புக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோல்டு மெடல் வாங்கினால்தான் கிடைக்கும் என்பது வெறும் பயம், ஆனால் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பல கதவுகள் விண்ணப்பத்துக்கு முன்பே மூடிவிடும். அரியர் இருந்தால் அடுத்த வாய்ப்பிலேயே எழுதி முடித்துவிடுங்கள்.

டிரான்ஸ்கிரிப்ட் என்பது எல்லா செமஸ்டர் பாடங்களும் மதிப்பெண்களும் கிரெடிட்டும் ஒரே ஆவணத்தில் வருவது. மார்க் ஷீட்டின் ஜெராக்ஸ் அதற்குப் பதிலாகாது. யாரிடம் வாங்குவது என்பதில்தான் குழப்பம். மதுரை, தேனி, விருதுநகர் பக்கத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் பெரும்பாலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும், பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும். உங்கள் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரி என்றால் மார்க் ஷீட் தருவது கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம், டிகிரிச் சான்றிதழ் தருவது பல்கலைக்கழகம். இரண்டு இடம், இரண்டு கட்டணம். தன்னாட்சி இல்லாத கல்லூரி என்றால் எல்லாமே பல்கலைக்கழகத்தில்தான்.

என்னை ஓர் அலுவலகத்தில், இந்தத் தாள் இங்கே கிடையாது என்று கவுன்டர் கவுன்டராக அனுப்பினார்கள். அதில் கற்றுக்கொண்டது இது: வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுங்கள். பதிவு எண், படிப்பு, படித்த வருஷம், எத்தனை பிரதி வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று ஒரு பக்க விண்ணப்பம், அதற்கு ஒரு நகல், அந்த நகலில் சீலும் தேதியும். அடுத்த முறை போகும்போது அந்தத் தேதியைக் காட்டிப் பேசலாம். ஐந்து பிரதியாவது சீல் வைத்த கவரில் வாங்குங்கள். ஒட்டிய இடத்தின் மேல் சீலும் கையெழுத்தும் இருக்கும். அதைப் பிரித்துவிட்டால் பிரதி செல்லாது. உங்கள் பார்வைக்கு ஒரு பிரதியைத் திறந்த நிலையிலேயே கேட்டு வாங்குங்கள்.

அங்கே போகும்போதே, பயிற்று மொழி ஆங்கிலம் என்ற சான்றிதழையும் கல்லூரி முதல்வரிடம் வாங்கிவிடுங்கள். சில பல்கலைக்கழகங்கள் ஆங்கிலத் தேர்வுக்குப் பதிலாக அதை ஏற்றுக்கொள்கின்றன.

4. பரிந்துரைக் கடிதம் (இரண்டாம் வருஷம் முதல்)

நம் ஊரில் பரிந்துரைக் கடிதம் என்றால் பல பேராசிரியர்களுக்கு நினைவுக்கு வருவது நன்னடத்தைச் சான்றிதழ். 'இந்த மாணவி எங்கள் துறையில் மூன்று ஆண்டுகள் பயின்றார், ஒழுக்கம் நன்று, எல்லா முயற்சியிலும் வெற்றி பெற வாழ்த்துகிறேன்' என்று நாலு வரி, கீழே வட்ட முத்திரை. தேர்வுக்குழுவுக்கு இது எதற்கும் உதவாது. அவர்களுக்கு வேண்டியது சம்பவம். எந்த புராஜெக்டில் என்ன செய்தாய், எங்கே திணறினாய், அதை எப்படிச் சமாளித்தாய், அந்த ஆசிரியர் பார்த்த மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டால் நீ எங்கே நிற்கிறாய்.

இதை எழுதும் அளவுக்கு ஓர் ஆசிரியருக்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டும். ஹெச்.ஓ.டி. கையெழுத்துதான் கனம் என்று நினைக்காதீர்கள். உங்களுக்கு ஒரு வகுப்புகூட எடுக்காத ஹெச்.ஓ.டி.யைவிட உங்கள் புராஜெக்டை வாரா வாரம் பார்த்துத் திருத்திய உதவிப் பேராசிரியர் எழுதும் கடிதம் ஆயிரம் மடங்கு மேல். இரண்டாம் வருஷத்திலேயே இரண்டு ஆசிரியர்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். அவர்கள் செய்யும் ஆய்வில் சின்ன வேலை இருந்தால் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். கடிதம் கேட்கும்போது, 'சார், எனக்காக ஒரு லெட்டர் தர முடியுமா' என்று மட்டும் கேட்டுவிட்டு நிற்காமல் உங்கள் சுயவிவரம், ஃபெல்லோஷிப்பின் விவரம், அவரிடம் நீங்கள் செய்த வேலைகளின் குறிப்பு, கடைசித் தேதி நான்கையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஆறு வாரம் முன்பே.

இன்னொன்று. பல இடங்களில் கடிதத்தை நீங்கள் ஏற்ற முடியாது. ஆசிரியருக்கே ஒரு இணைப்பு போகும், அவர் உள்ளே போய்ப் பதிவேற்ற வேண்டும். அதற்குக் கல்லூரியின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சல் முகவரி கேட்பார்கள், நம் ஆசிரியர்களில் பாதிப் பேர் ஜிமெயில்தான் வைத்திருப்பார்கள். கல்லூரி முகவரி அவருக்கு இருக்கிறதா, திறந்து பார்க்கிறாரா, பாஸ்வேர்டு நினைவிருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இணைப்பு போன அன்றே போன் செய்து ஸ்பாம் பெட்டியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

5. அனுபவத்தை அன்றன்றைக்கே எழுதி வையுங்கள்

என்.எஸ்.எஸ்.ஸில் இருந்தால் வருஷத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருஷத்துக்கு 240 மணி நேரம், மேலே ஏழு நாள் சிறப்பு முகாம். சான்றிதழைக் கையோடு வாங்கிவிடுங்கள், திட்ட அலுவலர் மாறிவிட்டால் பழைய ரெக்கார்டைத் தேடுவது கஷ்டம். என்.எஸ்.எஸ். இல்லாவிட்டாலும் மதுரையில் செய்ய வேலை இருக்கிறது. கண்மாய் மராமத்து, சுயஉதவிக் குழு என்று வேலை செய்யும் தானம் அறக்கட்டளையின் தலைமையகம் இங்கேதான். பொது சுகாதாரம் படிக்க நினைப்பவருக்கு 1976-இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை உலகம் முழுக்க எடுத்துக்காட்டாகப் பேசப்படும் இடம். எங்கே போனாலும் தேதி, மணி நேரம், செய்த வேலை, மேற்பார்வையாளர் பெயர் நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். விண்ணப்பத்தில் மாதவாரியாக, மணிவாரியாகக் கேட்கும்போது அந்த நோட்டுதான் கை கொடுக்கும்.

வேலைக்குச் சேர்ந்த பிறகும் இதே விதி. சேர்ந்த உத்தரவு, சம்பளச் சீட்டு, விலகல் கடிதம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

6. ஆங்கிலத் தேர்வு

சீக்கிரம் படிக்கத் தொடங்குங்கள், தாமதமாக எழுதுங்கள். ஐஇஎல்டிஎஸ், டோஃபல் இரண்டின் மதிப்பெண்ணும் இரண்டு வருஷம்தான் செல்லும். இரண்டாம் வருஷத்தில் எழுதி, வேலைக்குப் போய்விட்டு விண்ணப்பித்தால் பணம் வீண். ஐஇஎல்டிஎஸ் கட்டணம் பதினேழு பதினெட்டாயிரம் ரூபாய் வரும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்குபவர்கள் அதை ஒன்றரை வருஷம் தொடாமல் வைத்திருந்தால் இந்தக் கட்டணம் கையில் இருக்கும். மதுரையில் தேதி இல்லை என்றால் திருச்சி, சென்னை என்று போக வேண்டிவரும், ஆகவே இரண்டு மாதம் முன்பே பதிவு செய்யுங்கள்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்குப் பேச்சுப் பகுதியைவிட எழுத்துப் பகுதிதான் இழுக்கும். தினமும் ஒரு பத்தி எழுதி யாரிடமாவது திருத்தி வாங்குங்கள். புது நத்தம் ரோட்டில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து படிக்க நல்ல இடம் இருக்கிறது, கோச்சிங் சென்டருக்குக் கொட்டும் பணத்தில் பாதி மிச்சம்.

7. கட்டுரை

தேர்வாவதும் கழிவதும் இங்கேதான். 'நாட்டின் நீர்ப் பிரச்சினையைத் தீர்க்க விரும்புகிறேன்' என்று ஆயிரம் பேர் எழுதுவார்கள். மேலூர் பக்கத்துப் பிள்ளை ஒருவர், பெரியாறு பாசனக் கால்வாயின் கடைமடையில் இருக்கும் தன் ஊருக்கு ஒரு போகத்துக்குத்தான் தண்ணீர் என்பதையும், கால்வாய் திறக்கும் தேதி தள்ளிப் போனால் நாற்றங்கால் என்ன ஆகும் என்பதையும், அதைப் பற்றித் தான் கல்லூரியில் செய்த சின்ன ஆய்வையும் எழுதினால் அதை வேறு யாரும் எழுத முடியாது. உங்கள் ஊர் உங்கள் பலம். அதோடு, அந்தக் குறிப்பிட்ட பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடம் இதற்கு உதவும், திரும்பி வந்து முதல் வருஷம் என்ன செய்வீர்கள் என்பதையும் பெயர் சொல்லி எழுதுங்கள்.

தேர்வானவர்களின் கட்டுரைகளை இணையத்தில் தேடிப் படிப்பது தவறில்லை, அதில் ஒரு வரியை எடுத்து ஒட்டினால் போச்சு, மென்பொருளில் போட்டுப் பார்ப்பார்கள். முதல் வரைவைத் தமிழில்கூட எழுதிப் பாருங்கள். என்ன சொல்ல வருகிறோம் என்பது நமக்கே தெளிந்த பிறகு ஆங்கிலத்தில் எழுதுவது சுலபம்.

8. செலவும் ஏமாற்றும்

செவனிங், ஃபுல்பிரைட், எராஸ்மஸ் எதற்கும் விண்ணப்பக் கட்டணம் கிடையாது. யாராவது ஃபெல்லோஷிப் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். காளவாசல் முதல் கே.கே. நகர் வரை வெளிநாட்டுப் படிப்பு போர்டுகள் தொங்குகின்றன. அவர்களில் பலருக்குப் பல்கலைக்கழகம் கமிஷன் தருகிறது, அதனால் நீங்கள் காசு கட்டிப் படிக்கும் இடத்துக்குத்தான் உங்களைத் தள்ளுவார்கள். முழு உதவித்தொகையில் அவர்களுக்கு வருமானம் இல்லை.

ஆனால் சுற்றுச் செலவு உண்டு. ஜெர்மனி என்றால் சான்றிதழ் சரிபார்ப்புக்கான ஏபிஎஸ் கட்டணம் 18,000 ரூபாய், இது 2022 நவம்பரிலிருந்து பெரும்பாலானவர்களுக்குக் கட்டாயம், டிஏஏடி போன்ற அரசு உதவித்தொகை பெறுபவர்களுக்கு விலக்கு உண்டு. பல ஜெர்மன் பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் வழியாக விண்ணப்பித்தால் முதல் படிப்புக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. எல்லாம் சேர்த்து, நாட்டைப் பொறுத்து, இருபத்தைந்தாயிரத்திலிருந்து ஐம்பதாயிரம் வரை முதல் வருஷத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வையுங்கள். கந்து வட்டிக்கு வாங்கிக் கட்டாதீர்கள்.

வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள். கடிதம் வந்த பிறகு முதல்முறையாகச் சொன்னால் பயத்தில் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். செவனிங், ஃபுல்பிரைட் இரண்டிலும் படித்து முடித்ததும் இரண்டு வருஷம் இந்தியாவுக்குத் திரும்ப வேண்டும் என்ற விதி இருக்கிறது. பிள்ளை அங்கேயே தங்கிவிடுவாளோ என்று கவலைப்படும் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், பாதி கவலை தீரும்.

9. கிடைத்த பிறகு

பிரிட்டன் என்றால் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட விசாவுக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். அவர்கள் அங்கீகரித்த மையத்தில்தான் எடுக்க வேண்டும், பெரும்பாலும் அதற்குச் சென்னைக்குப் போக வேண்டிவரும். விசா வேலையையும் அதே பயணத்தில் முடிக்கப் பாருங்கள். ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் போய், வேலையை முடித்துவிட்டு மறுநாள் ராத்திரி அதிலேயே திரும்பலாம். ஜூலை, ஆகஸ்ட்டில் கூட்டம் அதிகம் என்பதால் கடிதம் வந்த வாரமே நேரம் பதிவு செய்யுங்கள்.

கடைசி வருஷத்தில் விண்ணப்பித்தவர்களுக்குச் செப்டம்பரில் அங்கே வகுப்பு தொடங்கும்போது பட்டமளிப்பு விழா நடந்திருக்காது. புரொவிஷனல் சான்றிதழும் கன்சாலிடேட்டட் மார்க் ஷீட்டும் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். டிகிரிச் சான்றிதழுக்கு, நேரில் வராமல் பெறும் முறையில் விண்ணப்பித்துக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, அப்பாவோ அண்ணனோ வாங்கிக்கொள்ள உங்கள் கையெழுத்துப் போட்ட அங்கீகாரக் கடிதத்தையும் அடையாள அட்டை நகலையும் வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.